ரெண்டு டார்ட் கன்னை ஒண்ணாக்கப் போறீங்களா? எந்த பசை, எந்த பட்டி... மதுக்கரை கொத்தனார் சொல்லிக்கொடுத்த பாடம்!

மதுக்கரையில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் ஒரே சத்தம். சித்தி பையன் காலேஜ் முதல் வருஷம். ஃபோம் டார்ட் சுடுற ரெண்டு பொம்மைத் துப்பாக்கியை அறுத்து, ஒட்டி, ஒண்ணாக்கி வெச்சிருந்தான். மேலே ஆறு டார்ட் சுடுறது, கீழே ஒத்தை டார்ட் சுடுறது. யூடியூபில் பார்த்து ரெண்டு வாரமா உட்கார்ந்து செஞ்சது. கறுப்பு பெயின்ட் எல்லாம் அடிச்சு, பார்க்க செம கெத்தா இருந்தது.

முதல் ஷாட் ஓகே. ரெண்டாவது ஓகே. மூணாவது தடவை ஸ்பிரிங்கை இழுத்ததும் 'டக்'குனு ஒரு சத்தம். கீழே இருந்த துப்பாக்கி தனியா பிய்ஞ்சு எகிறி, அவன் கன்னத்தில் பட்டது. கண்ணுக்கும் காயத்துக்கும் ரெண்டு விரல் தூரம்தான். வீடே பதறிப்போச்சு.

சித்தப்பா கொத்தனார். பிய்ஞ்சு விழுந்த பீஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், திட்டவே இல்லை. ஒட்டின இடத்தை விரலால் தடவிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார். "மழமழன்னு இருக்கற செவுத்துல பூச்சு நிக்குமா கண்ணு? கொத்து வெச்சியா? வலை அடிச்சியா? ஒரு நாளாச்சும் காய விட்டியா?"

அவன் எதுவுமே செய்யலை. உடனடியா ஒட்டுற பசையை ஊத்தி அமுக்கிப் பிடிச்சிருக்கான், அவ்வளவுதான். ஆபீஸுக்கு வந்ததும் இதைப் பத்தித் தேடிப் படிச்சப்போதான் ஒரு விஷயம் புரிஞ்சது. சித்தப்பா கேட்ட அந்த மூணு கேள்வியிலதான் மொத்த விஷயமும் இருக்கு. இந்த ஹாபியில் இறங்கியிருக்கிறவங்களுக்கும், இறங்கப் போறவங்களுக்கும் இதோ முழு கைடு!

இது என்ன ஹாபி?

1969-ல் அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், வீட்டுக்குள்ளேயே வீசி விளையாட ஒரு ஃபோம் பந்தைக் கொண்டு வந்தது. பெயர் 'நெர்ஃப்'. 1992-ல் வந்த 'ஷார்ப்ஷூட்டர்' மாடலில் இருந்து ஃபோம் டார்ட் சுடும் துப்பாக்கிகள் பிரபலமாச்சு. இப்போ அந்த பிராண்ட் ஹாஸ்ப்ரோ கையில். அதே மாதிரி செஞ்ச பொம்மைகள் ஆன்லைனில் இருந்து திருவிழாக் கடை வரைக்கும் கிடைக்குது.

இந்தப் பொம்மைகளைப் பிரிச்சு மாத்தி அமைக்கிறதை 'மாடிங்'னு சொல்றாங்க. அதில் ரெண்டு துப்பாக்கியை வெட்டி ஒண்ணாச் சேர்க்கிறது ஒரு தனி வகை. வெட்டுறது ஈஸி. ஹேக்ஸா பிளேடு ஒண்ணு இருந்தா போதும். சேர்க்கிறதுதான் கஷ்டம். ஏன்னா ஒவ்வொரு தடவை ஸ்பிரிங்கை இழுக்கும்போதும், விடும்போதும் அந்த இணைப்பு ஒரு அடி வாங்குது.

முதல்ல இதைப் புரிஞ்சுக்கோங்க

ஒட்டுறது வேற. நிரப்புறது வேற. தாங்குறது வேற.

பசை ரெண்டு பரப்பை ஒட்டும். பட்டி இடைவெளியை நிரப்பும். எடையையும் இழுவையையும் தாங்க வேண்டியது ஸ்க்ரூவும் போல்ட்டும்தான். ஒரே பொருளை வாங்கி இந்த மூணு வேலையையும் வாங்கப் பார்த்தா, அன்னைக்கு மாடியில் நடந்ததுதான் நடக்கும்.

உங்க கையில் இருக்கிறது என்ன பிளாஸ்டிக்?

பசை வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கண்டுபிடிக்கணும். பிராண்டட் டார்ட் கன்களின் வெளி ஓடு பெரும்பாலும் 'ஏபிஎஸ்' பிளாஸ்டிக். லெகோ கட்டைகள் செய்யுற அதே சரக்கு. பசை, பெயின்ட் ரெண்டும் இதில் நல்லா பிடிக்கும். விலை குறைஞ்ச பொம்மைகளில் 'பாலிப்ரோப்பிலீன்' இருக்கலாம். டிபன் பாக்ஸ், பக்கெட் எல்லாம் செய்யுற பிளாஸ்டிக் இது. மெழுகு தடவின மாதிரி வழவழன்னு இருக்கும். சாதாரண பசை எதுவும் இதில் நிக்காது. துப்பாக்கிக்கு உள்ளே வழுக்கி ஓடுற பாகங்களும் பெரும்பாலும் இப்படிப் பசை பிடிக்காத பிளாஸ்டிக்தான்.

கண்டுபிடிக்க மூணு வழி இருக்கு.

* எழுத்தைப் பாருங்க: ஓட்டின் உள்பக்கம் பிளாஸ்டிக்கின் பெயரை அச்சிட்டிருக்கலாம். முக்கோணக் குறிக்குள் 5-னு இருந்தா அது பாலிப்ரோப்பிலீன்.

* தண்ணி டெஸ்ட்: வெட்டின துண்டு ஒண்ணை, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணியில் போட்டு, காற்றுக்குமிழி ஒட்டாம அமுக்கி விடுங்க. ஏபிஎஸ் மூழ்கும். பாலிப்ரோப்பிலீன், பாலிஎத்திலீன் ரெண்டும் மிதக்கும்.

* அசிட்டோன் டெஸ்ட்: அசிட்டோன் இருக்கும் நெயில் பாலிஷ் ரிமூவரை, வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டு விடுங்க. ஏபிஎஸ்னா அந்த இடம் இளகிப் பிசுபிசுக்கும். பாலிப்ரோப்பிலீனுக்கு ஒண்ணும் ஆகாது. அசிட்டோன் இல்லாத ரிமூவரும் கடையில் இருக்கு, லேபிளைப் பார்த்து வாங்குங்க.

கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். அந்தப் புகை மோசமானது.

மிதக்கிற பிளாஸ்டிக்னு தெரிஞ்சுட்டா, பசை மேல் நம்பிக்கை வைக்காதீங்க. போல்ட் போட்டு முடுக்குறதுதான் வழி.

'கொத்து' வைக்கிறது எப்படி?

கான்கிரீட் தூணில் பூச்சு பூசுறதுக்கு முன்னாடி, கொத்தனார்கள் அதைக் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்குவாங்க. பூச்சு போய்ப் பிடிச்சுக்க இடம் வேணும் இல்லையா? பிளாஸ்டிக்குக்கும் அதே கதைதான். நமக்கு உளிக்குப் பதிலா உப்புத்தாள்.

முதல்ல சோப்புத் தண்ணியில் கழுவி, கைப்பிசுக்கும் கிரீஸும் போகணும். காய்ஞ்சதும் 80 இல்லைன்னா 120-ம் நம்பர் உப்புத்தாளால், பளபளப்பு மொத்தமும் போற வரைக்கும் தேய்க்கணும். நேர்கோடா மட்டும் தேய்க்காம, குறுக்கும் நெடுக்குமா தேய்ங்க. பெயின்ட், ஸ்டிக்கர் இருந்தா சுரண்டி எடுத்திடணும். இல்லைன்னா பசை பெயின்ட்டோடதான் ஒட்டும், பிளாஸ்டிக்கோட ஒட்டாது. கடைசியா ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைச்சு விடுங்க. வீட்டில் மிச்சம் கிடக்கிற சானிட்டைசர் ஜெல் இதுக்கு ஆகாது. அதில் பெரும்பாலும் கிளிசரின் மாதிரி சமாச்சாரங்கள் இருக்கும், படலமா படிஞ்சுடும்.

துடைச்ச இடத்தை அப்புறம் விரலால் தொடக் கூடாது!

எந்த பசை எதுக்கு?

உடனடி பசை: ஃபெவிகுவிக் வகையறா. இதோட வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1942-ல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் குழு தற்செயலா கண்டுபிடிச்சது, 1958-ல் விற்பனைக்கு வந்தது. பரப்பில் இருக்கிற ஈரப்பதத்தோடு சேர்ந்து நொடியில் இறுகும். ரெண்டு பரப்பும் இடைவெளியே இல்லாம பொருந்துற இடத்தில், மெல்லிசா வெச்சா நல்லா பிடிக்கும். ஆனா கண்ணாடி மாதிரி முறுகல். நேரா இழுத்தா தாங்கும்; ஓரத்தில் இருந்து பிரிக்கிற விசையையும் திடீர் அடியையும் தாங்காது. நிறைய ஊத்தினா பலம் கூடும்னு நினைக்கிறதும் தப்பு, குறையத்தான் செய்யும். பாகங்களைச் சரியான இடத்தில் தற்காலிகமா பிடிச்சு வைக்க இதைப் பயன்படுத்துங்க.

ரெண்டு டியூப் எபாக்ஸி: அரால்டைட் வகையறா. இந்த வேலைக்கு ஹீரோ இதுதான். ரெசின், ஹார்டனர் ரெண்டையும் பாக்கெட்டில் சொன்ன அளவில் எடுத்து, ஒரே நிறமா ஆகுற வரைக்கும் ஒரு நிமிஷமாவது கலக்கணும். 'சீக்கிரம் காயட்டும்'னு ஹார்டனரை அதிகமா ஊத்தினா, கடைசி வரைக்கும் பிசுபிசுன்னுதான் கிடக்கும். 5 நிமிஷத்தில் இறுகுற வகையும் இருக்கு, மெதுவா இறுகுற வகையும் இருக்கு. இழுவை வரும் இடத்துக்கு மெதுவானதை எடுங்க. பொதுவா அதுதான் கூடுதல் பலம். கையில் தொட்டா இறுகின மாதிரி தெரியும், ஏமாந்துடாதீங்க. 24 மணி நேரம் அசைக்காம விடணும். சிமெண்ட்டுக்கு 28 நாள் கணக்கு சொல்ற ஊரில், இதுக்கு ஒரு நாள் பொறுக்க முடியாதா?

கரைச்சு ஒட்டுறது: ஏபிஎஸ்ஸை ஏபிஎஸ்ஸோடு சேர்க்க மட்டும். வெட்டும்போது விழுந்த துண்டுகளைப் பொடிசாக்கி, மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் அசிட்டோன் ஊத்தி ஒரு ராத்திரி ஊற வெச்சா கூழ் மாதிரி ஆகும். அதைத் தடவினா ரெண்டு பரப்பும் இளகி ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். அதாவது, பத்த வெச்ச மாதிரி. விரிசலையும் இதாலேயே நிரப்பலாம். ஆனா அசிட்டோன் ஆவியாகும்போது சுருங்கும். அதனால மெல்லிசா பல பூச்சு போடணும். மெலிசான ஓட்டில் அதிகமா தடவினா, ஓடே வளைஞ்சு போகும்.

பிவிசி பைப் பசை: பேரலுக்கு பைப் சொருகுறவங்க முதல்ல தேடுறது இதைத்தான். இது பிவிசியை பிவிசியோடு ஒட்டுறதுக்கானது. பைப்பை ஏபிஎஸ் ஓட்டோடு சேர்க்க எபாக்ஸிதான் நம்பகம்.

குளூ கன்: ஒயரை ஒரு ஓரமா பிடிச்சு வைக்கிறதுக்கு ஓகே. வெயிலில் நிறுத்தின காருக்குள் வெச்சா இளகும். இழுவை வரும் இடத்தில் வேண்டாம்.

ஃபெவிகால்: 1959-ல் இருந்து நம்ம ஊர் தச்சர்களோட தோழன். ஆனா இந்த வெள்ளைப் பசைக்கு, ஈரத்தை உறிஞ்சுற மரமோ பேப்பரோ வேணும். பிளாஸ்டிக் எதையும் உறிஞ்சாது. அதனால இங்கே செட் ஆகாது.

எந்த பட்டி எதுக்கு?

ரெண்டு துப்பாக்கியோட வளைவும் எப்பவும் கச்சிதமா பொருந்தாது. நடுவில் சந்து இருக்கும். அதை நிரப்பி, ஒரே உடம்பு மாதிரி காட்டுறதுதான் பட்டியோட வேலை.

வால் பட்டி: 1930-கள்ல இருந்து சிமெண்ட் ஆலை ஓடுற ஊர் மதுக்கரை. வீட்டுக்கு வீடு ஒரு அரை மூட்டை வால் பட்டி மிச்சம் கிடக்கும். கை தானா அதைத் தேடிப் போகும். வேண்டாம்! வால் பட்டி வெள்ளை சிமெண்ட்டில் செஞ்சது, சிமெண்ட் பூச்சைப் பிடிச்சுக்கிறதுக்கானது. வளைஞ்சு கொடுக்கிற பிளாஸ்டிக்கில் பூசினா, காய்ஞ்சதும் அப்பளமா உரிஞ்சு வரும்.

எபாக்ஸி பட்டி: எம்-சீல் வகையறா. வீட்டில் ஒழுகுற பைப்புக்குப் போடுவோமே, அதேதான். ரெண்டு களிமண்ணையும் ஒரே நிறமா ஆகுற வரைக்கும் பிசையணும். அழுத்தி வெச்சு, ஈர விரலால் நீவி விட்டா வேண்டிய வடிவத்துக்கு வரும். பெரிய சந்து, மூலை, வளைவுக்கு இதுதான் சரி. இறுகினதும் அறுக்கலாம், துளை போடலாம், தேய்க்கலாம். ஒரே குறை, எடை. உருண்டை உருண்டையா அமுக்கினா துப்பாக்கி கையில் கனக்கும். இணைப்பு மேலேயும் பாரம் கூடும். பெரிய குழியா இருந்தா, பழைய ஏபிஎஸ் துண்டுகளை உள்ளே வெச்சு ஒட்டிட்டு, மேலே மட்டும் பட்டி வைங்க.

பவுடர் கலந்த எபாக்ஸி: எபாக்ஸி ஒழுகி ஓடுதா? கொஞ்சம் டால்க் பவுடர் கலந்தா கெட்டியா நிக்கும். உள்பக்க மூலைகளுக்கு நல்லது.

ஆப்ப சோடா டெக்னிக்: விரிசலில் சோடா மாவைத் தூவி, மேலே உடனடி பசையைச் சொட்டினா, அந்த நொடியே கல்லாகும். ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. சின்ன விரிசலுக்கு சரி. ஆனா சூடும் நெடியும் வரும், முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீங்க. தேய்க்கிறதும் கஷ்டம்.

கார் பாடி பட்டி: டிங்கரிங் பட்டறைகளில் பயன்படுத்துற, ஹார்டனர் கலந்து பூசுற பட்டி. பாலக்காடு ரோட்டில் இருக்கிற ஆட்டோ பெயின்ட் கடைகளில் கேட்டா தருவாங்க. உப்புத்தாளுக்கு வெண்ணெய் மாதிரி இழையும். 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனா போடாதீங்க. சொரசொரப்பாக்காத பிளாஸ்டிக்கில் பிடிக்காது.

என்.சி பட்டி: பெயின்ட்டுக்கு முந்தின கடைசி டச். ஊசித்துளை, கீறல் இதுகளுக்கு மட்டும். தடிமனா போட்டா சுருங்கி வெடிக்கும்.

'வலை அடிக்கிற' ரகசியம்

செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேருற இடத்தில் விரிசல் விடும்னு, அங்கே கம்பி வலை அடிச்சுட்டுத்தான் பூசுவாங்க. நம்ம வேலையிலும் ரெண்டு ஓடு சேருற கோடுதான் வீக்கான இடம்.

பெயின்ட் கடையில், சுவர் விரிசலுக்கு ஒட்டுற ஃபைபர் மெஷ் டேப் கிடைக்கும். உள்பக்கமா, அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு துண்டு வெச்சு எபாக்ஸியை ஊற விட்டா, பாரம் பரவலா பிரிஞ்சு போகும். அதோட ரெண்டு பக்கமும் கடந்து போற மாதிரி 3 மில்லிமீட்டர் போல்ட், நட், வாஷர் ரெண்டு மூணு இடத்தில். அலுமினியப் பட்டை ஒண்ணை உள்ளே கொடுத்து முடுக்கினா இன்னும் நல்லது. இதுக்கு அப்புறம் பசையோட வேலை, ஆடாம பிடிச்சுக்கிறது மட்டும்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம், பலரும் கோட்டை விடுறது இங்கேதான். டார்ட் கன் ஓடு இடது, வலதுனு ரெண்டு பாதியா இருக்கும். ஒட்டும்போது இடதை இடதோடும், வலதை வலதோடும் தனித்தனியா ஒட்டுங்க. ரெண்டு பாதியும் மூடுற விளிம்பில் பசை இறங்கிடுச்சுன்னா, அப்புறம் ஸ்பிரிங் சிக்கினாலும் திறக்க முடியாது. அந்த விளிம்பில் டேப் ஒட்டி வைங்க, இல்லைன்னா கொஞ்சம் வாசலின் தடவி வைங்க. எபாக்ஸி அங்கே பிடிக்காது. ஆனா ஒட்ட வேண்டிய இடத்தில் வாசலின் பட்டுடாம பார்த்துக்கணும்.

வேலையோட வரிசை

1. ஸ்பிரிங்கைத் தளர்வா விட்டுட்டுப் பிரிங்க. எந்த ஸ்க்ரூ எங்கே இருந்ததுனு போட்டோ எடுத்து வைங்க.
2. வெட்டி, பசை இல்லாம பொருத்திப் பாருங்க. டிரிகர், ஸ்லைடு தட்டாம ஓடுதா?
3. கழுவி, தேய்ச்சு, துடைங்க.
4. உடனடி பசை ரெண்டு சொட்டில் நிறுத்தி வைங்க.
5. துளை போட்டு போல்ட்டை முடுக்குங்க.
6. உள்பக்கம் மெஷ்ஷும் எபாக்ஸியும். 24 மணி நேரம் தொடாதீங்க.
7. வெளியே எபாக்ஸி பட்டி, மேலே பாடி பட்டி. 120, 220, 400-னு உப்புத்தாள்.
8. கடைசியா பிரைமர், பெயின்ட்.

ரெண்டு நாள் வேலை. அதை ஒரு சாயங்காலத்தில் முடிக்கப் பார்க்காதீங்க.

இதெல்லாம் விளையாட்டு இல்லை!

பஞ்சு ஆபத்து: உடனடி பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ ஊறினா சட்டுனு சூடாகும். புகையும் வரும், தோலும் வெந்து போகும். கோயம்புத்தூர்க்காரங்க வீட்டில் காட்டன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே இருக்காது. அதால இந்தப் பசையைத் துடைக்காதீங்க, காட்டன் கிளவுஸும் போடாதீங்க.

விரல் ஒட்டிக்கிச்சா? பிய்க்காதீங்க. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில் ஊற வெச்சு, மெதுவா உருட்டிப் பிரிங்க. கண்ணில் பட்டா தண்ணியால் நல்லா கழுவிட்டு, நேரா கண் டாக்டர்கிட்ட போங்க. இமையைப் பிரிக்க நீங்களே முயற்சி பண்ணாதீங்க. அசிட்டோனைக் கண் பக்கமே கொண்டு போகக் கூடாது.

காற்றும் நெருப்பும்: அசிட்டோன் சீக்கிரம் தீப்பிடிக்கும். சமையலறையில் வேண்டாம், மாடியில் திறந்த இடத்தில் செய்ங்க. எபாக்ஸி தொடர்ந்து தோலில் பட்டா அலர்ஜி வரலாம், ரப்பர் கிளவுஸ் போடுங்க. தேய்க்கும்போது மாஸ்க்.

கண்ணாடி இல்லாம சுடாதீங்க: 2017-ல் லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை டாக்டர்கள், ஃபோம் புல்லட் பட்டு கண்ணுக்குள் ரத்தம் கசிஞ்ச மூணு பேரைப் பத்தி மருத்துவ இதழில் எழுதினாங்க. அதில் ஒருத்தருக்கு வயசு 11. சாதாரண டார்ட்டே இவ்வளவு செய்யும்னா, மாத்தி அமைச்ச துப்பாக்கி?

ஐ.எஸ்.ஐ முத்திரை: இந்தியாவில் 2021 ஜனவரி 1-ல் இருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். ஆனா நீங்க அறுத்து ஒட்டின நிமிஷத்தில் இருந்து, அந்தப் பரிசோதனைக்கு அர்த்தம் இல்லை. பாதுகாப்புக்கு நீங்கதான் பொறுப்பு. சின்னப் பசங்க கையில் கொடுக்காதீங்க. முனையில் இருக்கிற ஆரஞ்சு நிறத்தை மறைக்காதீங்க. முழுக்கக் கறுப்படிச்சு வெளியே தூக்கிட்டுப் போனா, தூரத்தில் இருந்து பார்க்கிறவங்களுக்கு அது பொம்மைனு தெரியாது.

அப்புறம் என்ன ஆச்சு?

போன மாசம் மறுபடியும் மதுக்கரை போயிருந்தேன். கன்னத்துத் தழும்பு லேசா தெரியுது. துப்பாக்கியைத் திரும்பவும் செஞ்சிருக்கான். இந்த முறை கறுப்பு பெயின்ட் இல்லை. வெள்ளை எபாக்ஸி பட்டி அங்கங்கே திட்டுத் திட்டா தெரியுது. நாலு போல்ட் தலை வெளியே நீட்டிட்டு இருக்கு. கெத்து கொஞ்சம் கம்மிதான்.

சித்தப்பா அதை வாங்கி, ரெண்டு கையாலும் பிடிச்சு முறுக்கிப் பார்த்தார். கொஞ்சம்கூட அசையலை. உள்ளே இருந்து அவரே ஒரு சேஃப்டி கண்ணாடியை எடுத்துட்டு வந்து பையன்கிட்ட நீட்டினார். "மொதல்ல செவுத்தப் பார்த்து பத்து தடவ சுடு கண்ணு. அப்பறமா வெளையாடிக்கலாம்."

பத்தும் சுட்டான். பதினொண்ணாவது ஷாட், மாடிக் கொடிக்கம்பியில் காய்ஞ்சுட்டு இருந்த என் துண்டு மேல!